நாற்பத்திரண்டாம் டோக்கன்

பலகையில் தொங்கிய பித்தளை டோக்கன்களில் ஒன்று மட்டும் களிம்பேறாமல் இருந்தது.

வெயில் பட்டு மின்னுகிறது என்றுதான் செல்வப்பிரியா முதலில் நினைத்தாள். ஆனால் அன்று வெயிலே இல்லை. ஆனி மாதத்துக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மீனாட்சிபுரத்தின் மேல் கவிழ்த்திருந்தது. மதியம் இரண்டு மணிக்கே பனைமரங்கள் கறுத்து நின்று, ஓலையோடு ஓலை உரசி, ஓயாமல் யாரோ கோணிப்பையை இழுத்துக்கொண்டு போவதுபோல் சத்தம் போட்டன. சுவரோடு அறைந்திருந்த அந்தப் பலகையில் இரண்டு பக்கம். வலப்பக்கம் மேலே 'வெளியே' என்றும் இடப்பக்கம் மேலே 'உள்ளே' என்றும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. வெளியே பக்கத்தில் எழுபது எண்பது டோக்கன்கள் பச்சை பிடித்துத் தொங்கின. உள்ளே பக்கத்தில் ஒன்றே ஒன்று. எண் 42. தினமும் யாரோ விரலால் தடவித் தடவி விளிம்பெல்லாம் தேய்ந்ததுபோல் அது பளபளத்தது.

ஊரில் இதை மருந்துக் கம்பெனி என்பார்கள். பூச்சிமருந்து கலந்து பாக்கெட் போட்ட இடம். பதினோரு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை மதியம் திடீரென்று மூடினார்கள். உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே கிடந்தது. இப்போது பின்பக்கத்துத் தோட்டங்களின் கிணற்றுத் தண்ணீரில் மாடு வாய் வைப்பதில்லை. மூன்று கன்றுகள் செத்த பிறகு பால் சொசைட்டிக்காரர்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள். உள்ளே எத்தனை டிரம், ஒவ்வொன்றிலும் என்ன விஷம் என்று லேபிளோடு படமெடுத்துக் கொடுத்தால்தான் அள்ளிப்போகிற லாரி வரும். அதற்காகத்தான் ஒரு கழிவகற்றும் நிறுவனத்திலிருந்து கோகுல்நாத்தும் பிரியாவும் வந்திருந்தார்கள். கோகுல்நாத்துக்கு இந்த வேலையில் ஒன்பது வருடப் பழக்கம். பிரியாவுக்கு எட்டு மாதம்.

"நம்ம டேக் எங்க, ஷஹீர்?" என்று ஜீப்புக்குள் தலையை விட்டுத் தேடினான் கோகுல்நாத்.

"நீங்க எடுத்து வெச்சீங்கன்னு நான் நெனச்சேன் சார். நான் எடுத்து வெச்சேன்னு நீங்க நெனச்சீங்க. ரெண்டு பேரும் நல்லவங்க," என்றான் டிரைவர் ஷஹீர்.

உள்ளே போகிறவர் பேர் எழுதிய டேக் வாசலில் தொங்கவேண்டும், வந்ததும் எடுக்கவேண்டும். அது இல்லாமல் கால் வைக்கக்கூடாது. டேக்குகள் சித்தூர் ஆபீஸ் மேசையில் இருந்தன.

"அதுக்கென்னுங்க, நம்ம பலகை இருக்குதுங்களே," என்றார் சின்னையன். கம்பெனி ஓடின காலத்தில் அவர் டைம்கீப்பர். மூடிய பிறகும் சாவி அவரிடமே இருந்தது. உள்ளே போகிற ஆளின் டோக்கனை இந்தப் பக்கம் மாட்டி, வெளியே வந்ததும் தன் கையாலேயே கழற்றி அந்தப் பக்கம் மாட்டுவார். உள்ளே பக்கம் காலியானால்தான் வாசல் தண்டவாளத் துண்டில் ஐந்து முறை அடிப்பார், பிறகு பூட்டு. முகத்தைப் பார்த்து அவர் ஆள் எண்ணியதே இல்லை. "மூஞ்சி மறந்துரும் சார். டோக்கன் மறக்காது."

கோகுல்நாத் ஒரு டோக்கனைக் கழற்றி இடம் மாற்றிக்கொண்டான். மற்றவை களிம்பேறி ஆணியோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவன் 42ஐத் தட்டிவிட்டான். அது மெல்லச் சுழன்றது.

"பிரியா, உனக்கு இது. ஏற்கெனவே உள்ளதான் தொங்குது. வேலை மிச்சம்."

"அது வேண்டாமுங்க சார்," என்றார் சின்னையன்.

"ஏனுங்க?" என்றான் கோகுல்நாத்.

"ராமலட்சுமியுதுங்க. பேக்கிங்ல இருந்த பொண்ணு. மூடுன அன்னைக்கு டோக்கன் மாத்தாமயே போயிருச்சு. பின்னாடி வேலியத் தாண்டி எவங்கூடவோ பொள்ளாச்சிப் பக்கம் போயிட்டதாச் சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"எல்லாருந்தானுங்க." அவர் கொஞ்ச நேரம் சாவிக்கொத்தைப் பார்த்தார். "மொதல்ல நாந்தான் சொன்னேன்."

"பொள்ளாச்சி போனவ இன்னைக்கா வந்து டோக்கன் கேக்கப் போறா? பிரியா, உனக்கு ஏதாச்சும்?"

பிரியாவுக்கு அந்த டோக்கன் வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் அவளுக்காக மூன்று பேர் நின்று காத்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிரியா இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. ஆபீசில் ஒருமுறை அவள் ஸ்டோர் ரூமுக்குள் இருக்கும்போதே வெளியே பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். அவள் கதவைத் தட்டவில்லை. வரும்வரை ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"பரவால்லீங்க சார்," என்றாள்.

சின்னையன் 42ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். "போகட்டுங்க. அம்மிணி வெளிய வரும்போதாவது இதைய அந்தப் பக்கம் மாட்டிரலாம். பதினோரு வருசமாக் கணக்குல ஒரு ஆளு இடிக்குது."

வெள்ளை முழு உடுப்பு, தலைமூடி, கண்ணுக்கு ரப்பர் கண்ணாடி, மூக்கையும் வாயையும் கவ்வும் மாஸ்க், இரட்டைக் கையுறை, முழங்கால் பூட்ஸ். மணிக்கட்டில் டேப் சுற்றும்போதே கோகுல்நாத் வழக்கமான பாடத்தை ஒப்பித்தான். பில்டர் நாற்பத்தைந்து நிமிடம் தாங்கும். எதன்மேலும் சாயக்கூடாது, உட்காரக்கூடாது. தனியாக ஓர் அடி வைக்கக்கூடாது. மாஸ்க்குக்குள் பூண்டு வாசம் வந்தால் அந்த நிமிடமே வெளியே. போன் ஜீப்பில். மாஸ்க் போட்டுக்கொண்டு கத்தினால் கேட்காது என்பதால் ஸ்பேனரால் இரும்பைத் தட்டவேண்டும். ஒன்று தட்டினால் நலம். மூன்று தட்டினால் ஆபத்து, ஓடி வா.

"மூணு வேண்டாமுங்க," என்றார் சின்னையன்.

"இப்ப என்னங்க?"

"காத்தடிச்சா உள்ள அப்படித்தான் சத்தம் வருமுங்க. மூணு மூணாத் தட்டும். நான் இத்தன வருசமாக் கேட்டுட்டு இருக்கறேன். திரும்பிப் பாக்கறதில்லீங்க."

"எல்லா ஊர்லயும் மூணுதாங்க ஆபத்து. நமக்காக மாத்த முடியாது."

"செரிங்க. இன்னைக்கு உள்ள பக்கம் டோக்கன் தொங்குனா, கதவத் தொறந்துட்டு வருவேன். தொங்கலைன்னா அது காத்து."

ஷஹீர் சிரித்தான். பிரியாவின் கைப்பையைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துவிட்டு, "சீக்கிரம் வாங்க சேச்சி. எனக்கு இந்த எடம் புடிக்கல," என்றான்.

இரும்புக்கதவின் ஓரத்தில் ஓர் ஆள் நுழையும் சின்னக் கதவு. அதன் வழியாக உள்ளே போனதும் காற்றின் சத்தம் பின்னால் நின்றுவிட்டது. பதிலாக மேலே உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுகள் விட்டுவிட்டு முனகின. கதவை ஒட்டி நீலத் தார்ப்பாயை விரித்து, அவசரத்துக்கான மாற்று உடுப்பும் கண்ணாடியும் மாஸ்க்கும் பூட்ஸும் இருந்த பையைக் கோகுல்நாத் அதன்மேல் வைத்தான். அவன் குனிந்திருந்தபோது பிரியா சுவரைப் பார்த்தாள். முகத்துக்கு நேரே ஒரு கை நுழையும் ஓட்டை. அந்தக் காலத்தில் உள்ளே இருப்பவர்கள் டைம்கீப்பரிடம் பேச வைத்தது. அதன் வழியே பலகையின் ஓரமும், சின்னையனின் சட்டைக் கையும், வெகு பக்கத்தில் 42ம் தெரிந்தன. ஓட்டைக்கு மேலே சுண்ணாம்புச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வழவழப்பாக, லேசாகக் குழிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது.

அந்தச் சுவரடியிலிருந்து ஒரு தடம் கிளம்பியது.

தரை முழுக்க விரல்கனத்துக்குச் சாம்பல் தூசி. அதன் நடுவே ஓர் அடி அகலத்தில், ஆட்டுத்தடம்போல், தூசியே இல்லாத ஒற்றைப் பாதை நேராக இருட்டுக்குள் போயிற்று.

"மரநாய்," என்றான் கோகுல்நாத். மாஸ்க்குக்குள் அவன் குரல் குடத்துக்குள் பேசியதுபோல் வந்தது.

மரநாய் இத்தனை நேராக நடக்குமா என்று கேட்க நினைத்தாள்.

கலவைக் கூடத்தில் டிரம்கள் மூன்றடுக்காக நின்றன. சில ஊதிப் பெருத்திருந்தன. சில கசிந்து, அடியில் தேன்போல் மஞ்சளாகக் கெட்டியாகியிருந்தன. கோகுல்நாத் டார்ச் பிடித்து எண் சொல்ல, பிரியா படமெடுத்தாள். தன் மூச்சு வால்வில் ஏறி இறங்கும் சத்தம் அவள் காதை அடைத்தது. பத்தாவது நிமிடம் கோகுல்நாத் ஒரு குழாயை ஸ்பேனரால் ஒருமுறை தட்டினான். வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டைச் சின்னையன் ஒருமுறை அடிப்பது தூரத்தில் கேட்டது.

பிறகு பேக்கிங் அறைப் பக்கமிருந்து ஒன்று. மெல்ல.

"எதிரொலி," என்றான் கோகுல்நாத்.

இருபதாவது நிமிடமும் தட்டினான். வெளியிலிருந்து ஒன்று. உள்ளேயிருந்து ஒன்று. இந்த முறை உள்ளே இருப்பது கொஞ்சம் முந்திக்கொண்டது. கோகுல்நாத் டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி டிரம்மின்மேல் கொண்டுவந்தான்.

பேக்கிங் அறைதான் கடைசி. ஒற்றைப் பாதையும் அங்கேதான் முடிந்தது. நீள மேசையில் பாதி நிரப்பிய பாக்கெட்டுகள் வாய் திறந்து உட்கார்ந்திருந்தன. கொக்கிகளில் ஏப்ரன்கள் வரிசையாகத் தொங்கின. தோள் இல்லாமலும் தோள் உயரத்தில். மேசைக்கடியில், பாதை முடிகிற இடத்தில், யாரோ சாக்குகளை மடித்துப் படுக்கைபோல் போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு சில்வர் தூக்குப்போசி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் விளிம்பைச் சுற்றித் தூசி ஈரமாக இருந்தது.

பிரியா கோகுல்நாத்தின் கையைத் தொட்டாள். அவன் அதைப் பார்ப்பதற்குள் அவன் கண்ணாடியின் ரப்பர் வார் அறுந்தது. கண்ணாடி கழுத்தில் விழுந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கண்களையும் முழங்கையால் பொத்தினான்.

"எரியுது. வா, போலாம்."

அவனைக் கைப்பிடித்துக் கலவைக் கூடத்தின் பாதிவரை கொண்டுவந்தாள். அங்கிருந்து கதவின் வெளிச்சம் தெரிந்தது. அப்போது அவளுக்குக் கூடத்தின் கடைசி மூலையில் படமெடுக்காமல் விட்ட ஆறு டிரம்கள் நினைவுக்கு வந்தன. அந்த லேபிள்கள் இல்லாமல் பட்டியல் முடியாது. லாரி வராது. தன்னால் இன்னொரு நாள் எல்லோரும் இங்கே வரவேண்டியிருக்கும்.

"சார், நீங்க போங்க. ஆறே படம். பின்னாலயே வந்தர்றேன்."

அவன் தலையை ஆட்டினானா, வலியில் தலை ஆடிற்றா என்று தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கிப் போனான். சின்னையனிடம் அவன் கத்துவது ஓட்டை வழியே சன்னமாகக் கேட்டது. "தண்ணி... தண்ணி கொண்டாங்க... பிரியா பின்னாலயே வர்றா..."

ஆறு படம். ஒன்று. இரண்டு. மூன்றாவது லேபிள் மடிந்திருந்தது; குனிந்து கையுறை விரலால் நீவினாள். முதுகுக்குப் பின்னால் அந்த ஒற்றைப் பாதையில் ஏதோ நடந்து வந்தது. பூட்ஸ் சத்தமல்ல. வெறுங்கால் சிமெண்டில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். அவசரமில்லாத நடை. தினமும் போய்வந்த வழியில் போகிறவரின் நடை. பேக்கிங் அறையிலிருந்து கிளம்பி, அவளைக் கடந்து, கதவை நோக்கி.

அவள் திரும்பவில்லை. கேமராவின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரை கறுத்து அணைந்தது. அதில் அவள் கண்ணாடியும் மாஸ்க்கும் மங்கலாகத் தெரிந்தன. அவள் தோளுக்குப் பின்னால், பேக்கிங் அறையின் திறந்த வாசலுக்குள், கொக்கியில் தொங்கும் ஏப்ரன்கள். அவற்றின் நடுவே ஒரு கொக்கி காலி.

கதவுப் பக்கம் பிளாஸ்டிக் உறை கிழிபடும் சத்தம். துணி சரசரப்பு. நெடுநேரம். பிறகு பூட்ஸ் சத்தம். ஒரு கால். இன்னொரு கால். புதுச்செருப்புக்குப் பழகும் குழந்தைபோல்.

கதவு திறந்தது. காற்று ஒருமுறை உள்ளே வந்தது. கதவு மூடிக்கொண்டது.

வெளியே தண்டவாளத் துண்டு ஒலித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

எல்லோரும் வெளியே.

பிரியா ஓடினாள். தூசியில் பூட்ஸ் வழுக்கியது. ஒற்றைப் பாதையில் மட்டும் கால் நின்றது. அவள் அதன்மேலேயே ஓடினாள். தார்ப்பாயின் மேல் மாற்று உடுப்பின் பை வாய் பிளந்து கிடந்தது. உள்ளே எதுவும் இல்லை. தார்ப்பாய்வரை வந்த வெறுங்கால் தடங்கள் ஐந்து விரலும் விரிந்து தெளிவாக இருந்தன. தார்ப்பாய்க்கு அப்பால் பூட்ஸ் தடங்கள்.

சின்னக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. வெளியே பூட்டு ஆடி இரும்பில் இடித்தது.

ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

ஜீப்பின் முன்சீட்டில் கோகுல்நாத் தலையைப் பின்னால் சாய்த்திருந்தான். கண்மேல் ஈரத்துணி. ஷஹீர் வண்டியைக் கிளப்பிவிட்டான். பின்சீட்டில் வெள்ளை உடுப்பு, தலைமூடி, கண்ணாடி, மாஸ்க். உடுப்பு தொளதொளவென்று, உள்ளே கொஞ்சம்தான் இருப்பதுபோல் மடிந்து கிடந்தது. அதன் மடியில் பிரியாவின் கைப்பை.

"சேச்சி, மாஸ்க்கக் கழட்டுங்க, வேர்க்கும்," என்ற ஷஹீரின் குரல் காற்றில் வந்தது. பதில் இல்லை. "சார், இவங்க எப்பவும் இப்படித்தானா?"

"அவ பேசமாட்டாடா. நீ வண்டிய எடு, ஆஸ்பத்திரிக்குப் போ."

பிரியா மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்து கத்தினாள். கத்தியே பழகாத தொண்டை. காற்றுப்போல ஒரு சத்தம்தான் வந்தது. பனையோலைகள் அதை மூடின. ஜீப் திரும்பியது. திரும்பும்போது பின்சீட்டில் இருந்தது மெல்லத் தலையைத் திருப்பி, ஓட்டையைப் பார்த்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. வலதுகை உயர்ந்தது. அதன் நடுவிரல் முட்டி ஜீப்பின் கம்பியை ஒருமுறை தட்டியது.

நலம்.

ஜீப் போய்விட்டது.

சின்னையன் இருந்தார். ஓர் எட்டுத் தூரத்தில். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். பிரியா ஸ்பேனரால் கதவைத் தட்டினாள்.

மூன்று.

அவர் கை நின்றது.

மூன்று. மறுபடி மூன்று.

அவர் மெல்லப் பலகையைப் பார்த்தார். உள்ளே பக்கம் முழுக்க வெறும் ஆணி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. துண்டை உதறித் தலையில் கட்டினார். "காத்து," என்றார், யாரிடமோ. மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பிரியா ஓட்டை வழியே கையை நீட்டினாள். தோள்வரை. விரல்நுனி ஆணியைத் தொட்டது. ஆணி வழவழவென்று தேய்ந்திருந்தது. அதில் எதுவும் இல்லை.

மொபெட் சத்தம் தேய்ந்தது. பனைமரங்கள் மட்டும்.

பிறகு பூண்டு வாசம். முதலில் லேசாக. பிறகு எங்கும்.

உட்காரக்கூடாது. சாயக்கூடாது. தெரியும். ஓட்டையில் கண்ணை வைத்தபடியே நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்தாள்.

அந்தக் குழி அவள் நெற்றிக்குச் சரியாக இருந்தது.